தூக்கமின்மைக்கு எந்த வைத்தியம்? அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

யாராவது ‘தூக்கமே வரமாட்டேங்குது’ என்று சொன்னால், கேட்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் தயாராக இருக்கும். வெந்நீரில் குளித்துப் பாருங்கள், போனைத் தூர வையுங்கள், மெலடோனின் மாத்திரை நல்லது, கவலையை விடுங்கள். வருஷக்கணக்கில் தூங்க முடியாமல் தவிக்கிறவர் இதையெல்லாம் எப்போதோ செய்து பார்த்து முடித்திருப்பார். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாள் பலிப்பதுபோல இருக்கும், அப்புறம் பழைய நிலைதான். அந்த வைத்தியங்கள் எல்லாமே பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. தூக்கம் பல வழிகளில் கெடலாம். ஒவ்வொரு வைத்தியமும் அவற்றில் ஏதோ ஒரு வழியைத்தான் அடைக்கும். அதனால் ‘எதைச் சாப்பிடலாம்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘என் தூக்கமின்மையை இன்றுவரை விடாமல் பிடித்து வைத்திருப்பது எது’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. நிறையப் பேருக்கு அதன் விடை எதிர்பாராத இடத்தில் இருக்கும்: தூக்கத்தை வரவழைக்க அவர்கள் செய்யும் முயற்சிகளிலேயே.

எதை நாள்பட்டது என்கிறோம்

பரீட்சைக்கு முந்தைய இரவு தூக்கம் வராமல் போவது நோயில்லை. வேலை போன வாரத்தில், நெருங்கியவர் இறந்த மாதத்தில் தூக்கம் கெடுவதும் இயல்புதான். நாள்பட்ட தூக்கமின்மை என்று சொல்ல மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாரத்தில் 3 இரவுகளாவது, 3 மாதங்களுக்குக் குறையாமல், சிரமம் நீடித்திருக்க வேண்டும். படுத்து வெகுநேரமாகியும் கண் அசராதது ஒரு வகை. நடுராத்திரியில் முழிப்பு வந்து மறுபடி தூங்க முடியாதது இன்னொன்று. விடிவதற்கு வெகு முன்பே கொட்டக் கொட்ட விழித்துக்கொள்வது மூன்றாவது. ஒரே ஆளுக்கு மூன்றும் கலந்தும் வரும்.

கூடவே இரண்டு நிபந்தனைகள் உண்டு. தூங்கப் போதிய நேரமும் வசதியும் இருந்தும் தூக்கம் வராமல் இருக்க வேண்டும். அதனால் மறுநாள் பகலும் கெட வேண்டும். இந்த இரண்டையும் பலர் கவனிப்பதில்லை. இரண்டு வேலை பார்த்துவிட்டு 5 மணி நேரம் மட்டும் படுக்க முடிகிற ஒருவர், தலை சாய்த்தவுடன் தூங்கிவிடுகிறார் என்றால் அவருக்கு இருப்பது தூக்கப் பற்றாக்குறை. அவருக்குத் தேவை நேரம். மாத்திரை எதுவும் அதைத் தர முடியாது. அதேபோல ஆறு மணி நேரம் தூங்கி நாள் முழுக்கத் தெளிவாக இருக்கிறவர், எட்டு மணி நேரம் தூங்கவில்லையே என்று பயப்படத் தேவையில்லை. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஆனால் ஒவ்வொரு உடம்புக்கும் தேவை கொஞ்சம் மாறும். வயது ஏறும்போது தூக்கம் லேசாவதும், இடையில் விழிப்பு கூடுவதும் சகஜம்.

தூக்கம் எப்படி வருகிறது

1982ல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் தூக்கத்தை இரண்டு சக்திகளின் சேர்க்கையாக விளக்கினார். இன்றும் தூக்க மருத்துவம் அந்த விளக்கத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் சக்தி தூக்க அழுத்தம். காலையில் எழுந்த நொடியிலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரத் தொடங்குகிறது. எவ்வளவு நேரம் விழித்திருக்கிறோமோ அவ்வளவு அழுத்தம் ஏறும், தூங்கும்போது இறங்கும். இது ஏறக்குறைய பசி மாதிரி. சாயங்காலம் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால், சாப்பாட்டுக்கு முன் நொறுக்குத்தீனி தின்றதுபோல, ராத்திரிக்கான தூக்கம் குறைந்துபோகும். காபியும் டீயும் இந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன. காஃபின் அடினோசினைக் குறைப்பதில்லை. அடினோசின் போய் உட்கார வேண்டிய ஏற்பிகளில் தான் உட்கார்ந்துகொண்டு, களைப்பு மூளைக்குத் தெரியாமல் மறைக்கிறது. உடம்பில் இருக்கும் காஃபினில் பாதி வெளியேறவே பெரும்பாலோருக்குச் சுமார் 5 மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம். படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததாக 2013ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ‘நான் காபி குடித்தாலும் நன்றாகத் தூங்குவேன்’ என்கிறவர்களுக்கும் தூக்கத்தின் ஆழம் குறைந்திருக்கலாம், அது அவர்களுக்கே தெரியாது.

இரண்டாவது சக்தி உடற்கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதாலமஸில் இருக்கும் ஒரு சின்ன நரம்புத் தொகுதி இதை நடத்துகிறது. கண்ணில் படும் வெளிச்சம், முக்கியமாகக் காலை வெளிச்சம், இந்தக் கடிகாரத்தைத் தினமும் சரிசெய்கிறது. இதில் ஆச்சரியமான ஒரு விஷயம் உண்டு. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் இந்தக் கடிகாரம் நம்மை மிகவும் உஷாராக வைத்திருக்கும் நேரம். நேற்று சரியாகத் தூங்கவில்லையே, இன்று 9 மணிக்கே படுத்துவிடலாம் என்று நினைக்கிறவர், தூக்கம் வர மிகவும் கஷ்டமான நேரத்தைத் தேர்ந்தெடுத்துப் படுக்கிறார்.

இந்த இரண்டும் சரியாக இருந்தாலும் தூக்கத்தைத் தடுக்கக்கூடிய மூன்றாவது ஒன்று இருக்கிறது: விழிப்பு மண்டலத்தின் பதற்றம். ஆபத்து என்று மூளை நினைத்தால் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தூங்க விடாது. அந்த ஆபத்து ‘இன்னைக்கும் தூக்கம் வராதோ’ என்ற பயமாகவே இருந்தாலும் மூளைக்கு அது ஆபத்துதான்.

ஓர் ஆறுதலான செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1963 டிசம்பர் கடைசியிலிருந்து 1964 ஜனவரி வரை ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் ஓர் அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம் தூங்காமல் இருந்தார். (யாரும் செய்து பார்க்கக் கூடாத சோதனை அது.) முடிந்தபின் அவர் முதலில் தூங்கியது சுமார் 14 மணி நேரம். இழந்த ஒவ்வொரு மணி நேரத்தையும் உடம்பு திருப்பிக் கேட்பதில்லை. தூக்கத்தை ஆழமாக்கிப் பெரும்பகுதியை ஈடுகட்டிக்கொள்கிறது. ஒரு மோசமான இரவுக்காக மறுநாள் பத்து மணி வரை படுத்துக் கிடக்க வேண்டியதில்லை.

சில நாள் தொல்லை எப்படி வருஷக்கணக்கானது

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியலாளர் 1980களில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். என் கருத்தில் தூக்கமின்மை பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள நேரமிருந்தால் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காரணங்களை அவர் மூன்றாகப் பிரித்தார். சிலர் பிறவியிலேயே லேசாகத் தூங்குகிறவர்கள், எளிதில் பதற்றமாகிறவர்கள், அது அடித்தளம். அதன் மேல் ஒரு நாள் ஏதோ நடக்கிறது: நோய், பிரசவம், கடன், பிரிவு. தூக்கம் கெடுகிறது. இதுவரை இயல்பானதுதான். மூன்றாவது வகைதான் விஷயம். தூக்கம் கெட்டவர் அதைச் சமாளிக்கச் சில காரியங்களைத் தொடங்குகிறார். சீக்கிரமே படுக்கிறார். விடிந்தும் எழாமல் கிடக்கிறார். பகலில் குட்டித்தூக்கம் போடுகிறார். கூட இரண்டு காபி குடிக்கிறார். ராத்திரி மணி பார்க்கிறார், ‘இப்ப தூங்கினாக்கூட நாலு மணி நேரம்தான்’ என்று கணக்குப் போடுகிறார். களைப்பு என்று நடப்பதையும் வெளியே போவதையும் நிறுத்துகிறார்.

ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் மேலே சொன்ன சக்திகளில் ஒன்றைக் கெடுக்கிறது. பகல் தூக்கம் அழுத்தத்தை இறக்குகிறது. நேரம் மாறி எழுவது கடிகாரத்தைக் குழப்புகிறது. படுக்கையில் விழித்துக் கிடந்து தவித்த நூறு இரவுகள் மூளைக்கு ஒரு பாடம் கற்பித்துவிடுகின்றன: படுக்கை என்றால் விழித்திருந்து போராடும் இடம். கூடத்தில் டிவி முன்னால் தலை தொங்கத் தூங்கி விழுகிறவருக்குப் படுக்கைக்குப் போனதும் தூக்கம் பறந்துபோவது இதனால்தான். நோய் குணமாகிறது, கடன் அடைகிறது, ஆனால் தூக்கம் திரும்புவதில்லை. தொடங்கி வைத்த காரணம் எப்போதோ போய்விட்டது. இப்போது அதை நடத்துவது பழக்கங்கள்.

முதலில் வேறு நோய் இருக்கிறதா என்று பாருங்கள்

வைத்தியம் தேடுவதற்கு முன் இதைத் தாண்டிப் போகக் கூடாது. சத்தமாகக் குறட்டை விடுகிறவர், தூக்கத்தில் மூச்சு திணறி எழுகிறவர், காலையில் தலைவலியோடு எழுகிறவர், பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறவர், இவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கலாம். பெண்களுக்கு இது பெரிய குறட்டை இல்லாமல், வெறும் தூக்கமின்மையாகவும் களைப்பாகவும் வெளிப்படுவது உண்டு. இதற்குத் தூக்க மாத்திரை போட்டால் சில மாத்திரைகள் மூச்சை இன்னும் மோசமாக்கும்.

படுத்ததும் கால்களில் ஏதோ ஊர்வதுபோல, இழுப்பதுபோல இருந்து, அசைத்தால்தான் நிம்மதி என்றால் அது கால்களின் அமைதியின்மை நோய். உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைவாக இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்த நோய் இருக்கிறவர் கடையில் கிடைக்கும் அலர்ஜி மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போட்டால் கால் தொல்லை கூடும். தவறான வைத்தியம் எப்படி நோயையே வளர்க்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

தைராய்டு அதிகமாகச் சுரப்பது, நெஞ்செரிச்சல், மூட்டு வலி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, மாதவிடாய் நிற்கும் காலத்தின் உடல் வெப்பம் எல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். சாப்பிடும் மருந்துகளும் கெடுக்கலாம்: ஸ்டீராய்டு, சில மனச்சோர்வு மருந்துகள், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், சில ரத்த அழுத்த மாத்திரைகள். பல சமயம் மருந்து எடுக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றினாலே போதும். ஆனால் அதை மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மனச்சோர்வும் தூக்கமின்மையும் ஒன்றையொன்று வளர்ப்பவை. முன்பெல்லாம் மனச்சோர்வு சரியானால் தூக்கம் தானாகச் சரியாகும் என்றார்கள். இப்போது இரண்டையும் சேர்த்தே கவனிக்கச் சொல்கிறார்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தூக்கமில்லாத இரவுகளில் வந்தால், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம், உடனே ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள். இன்னொன்று: பல நாள் மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்தால் அது வேறு வகைப் பிரச்சினை. அதற்கும் மருத்துவர்தான்.

முதல் வைத்தியம் மாத்திரை இல்லை

2016ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி, நாள்பட்ட தூக்கமின்மை உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் முதலில் தர வேண்டிய சிகிச்சை சிபிடி-ஐ (CBT-I) என்று பரிந்துரைத்தது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அடுத்த ஆண்டு அதையே சொன்னது. சிபிடி-ஐ என்பதைத் தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தை சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம். பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, செய்வது நேரடியான வேலை: தூக்கமின்மையைப் பிடித்து வைத்திருக்கும் பழக்கங்களையும் பயங்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவது. பொதுவாக 4 முதல் 8 அமர்வுகள்.

ஒரு தூக்கக் குறிப்பேட்டோடு இது தொடங்கும். ஒன்றிரண்டு வாரம், படுத்த நேரம், சுமாராகத் தூங்கிய நேரம், விழித்த முறைகளின் எண்ணிக்கை, எழுந்த நேரம் ஆகியவற்றைக் காலையில் எழுதி வைப்பது. ராத்திரியில் மணி பார்த்து எழுதக் கூடாது. காலையில் தோராயமாக எழுதினால் போதும்.

அடுத்து, ரிச்சர்ட் பூட்சின் 1972ல் வகுத்த விதிகள். தூக்கம் கண்ணைச் சொக்கும்போது மட்டும் படுக்கைக்குப் போவது. களைப்பு வேறு, தூக்கம் வேறு: உடம்பு அசந்துபோயிருந்தும் மூளை விழித்திருக்க முடியும், அப்போது படுத்துப் பயனில்லை. படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு இடத்துக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக ஏதாவது செய்வது. தூக்கம் வந்ததும் திரும்புவது. தேவைப்பட்டால் ஒரே இரவில் நாலைந்து முறைகூட. படுக்கையில் போன், சாப்பாடு, அலுவலக வேலை எதுவும் இல்லை; தாம்பத்தியம் மட்டும் விதிவிலக்கு. எப்படித் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, விடுமுறை நாளிலும். முதல் சில இரவுகள் கொடுமையாகத்தான் இருக்கும். ஆனால் படுக்கைக்கும் போராட்டத்துக்கும் மூளை போட்டு வைத்த முடிச்சு இப்படித்தான் அவிழும்.

மூன்றாவது பகுதிதான் எல்லோரையும் திகைக்க வைப்பது: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. ஸ்பீல்மன் தந்த முறை இது. ஒருவர் 10.30க்குப் படுத்து 7 மணிக்கு எழுகிறார் என்று வையுங்கள். படுக்கையில் எட்டரை மணி நேரம். குறிப்பேட்டின்படி தூங்குவது ஐந்தரை மணி நேரம்தான். அதாவது படுத்திருக்கும் நேரத்தில் சுமார் 65 சதவீதம்தான் தூக்கம். அவரிடம் சொல்வார்கள்: காலை 6 மணிக்கு எழுங்கள், அப்படியானால் ராத்திரி 12.30க்கு முன் படுக்காதீர்கள். படுக்கையில் இருக்கும் நேரம் இப்போது ஐந்தரை மணி நேரம். முதல் வாரம் பகலெல்லாம் தூக்கம் கண்ணைக் கட்டும். ஆனால் அந்த அழுத்தம் சேர்ந்து, படுத்தவுடன் தூக்கம் பிடிக்கத் தொடங்கும், இடைவிழிப்பு சுருங்கும். ஐந்தரை மணி நேரத்தில் ஐந்து மணி நேரம் தூங்கினால் 90 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 85 சதவீதத்துக்கு மேல் ஒரு வாரம் நிலைத்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிஷம் முன்னே தள்ளுவார்கள். இப்படியே வாரா வாரம், அவர் உடம்புக்குத் தேவையான அளவு வரும்வரை. துண்டு துண்டாக எட்டரை மணி நேரத்தில் பரவிக் கிடந்த தூக்கத்தை முதலில் ஒட்டிச் சேர்த்து, பிறகு நீட்டுகிறார்கள்.

படுக்கையில் இருக்கும் நேரத்தை 5 மணி நேரத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்களும், தொலைதூர வண்டி ஓட்டுகிறவர்கள், ஆபத்தான இயந்திரங்களில் வேலை செய்கிறவர்களும் இதைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மருத்துவரின் மேற்பார்வை வேண்டும்.

பயங்களோடு செய்யும் வேலையும் இதில் உண்டு. ‘இன்று தூங்காவிட்டால் நாளை எல்லாம் நாசம்’ என்ற எண்ணத்தை எடுத்துப் பார்த்து, போன மாதம் தூங்காத நாட்களில் உண்மையில் என்ன நடந்தது என்று குறிப்பேட்டோடு ஒப்பிடச் சொல்வார்கள். நடுராத்திரி விழிப்பே நோய் என்று நினைக்கிறவர்களுக்கு, தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷச் சுற்றுகளாக ஓடுகிறது என்றும், நன்றாகத் தூங்குகிறவர்களும் இரவில் பலமுறை நொடிநேரம் விழித்து அதை மறந்துவிடுகிறார்கள் என்றும் புரிய வைப்பார்கள். இன்னொரு பயிற்சியும் உண்டு: படுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, தூங்காமல் இருக்கப் பார்ப்பது. தூங்க வேண்டும் என்ற முயற்சியே தூக்கத்தின் எதிரி என்பதால், முயற்சியைக் கைவிட்டவுடன் சிலருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

பலன் எவ்வளவு? 2015ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிபிடி-ஐ எடுத்தவர்கள் சராசரியாக 19 நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். இடையில் விழித்திருக்கும் நேரம் 26 நிமிஷம் குறைந்தது. மொத்தத் தூக்கமோ சிகிச்சை முடிந்த சமயத்தில் 8 நிமிஷம் போலத்தான் கூடியிருந்தது. இதைப் படித்து ஏமாற வேண்டாம். தவிப்பின் பெரும்பகுதி விழித்துக் கிடக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. அது போனால் பகலும் மாறும். சிகிச்சை நின்ற பிறகும் இதன் பலன் நீடிப்பது மாத்திரைகளுக்கு இல்லாத குணம். முதியவர்களிடம் சிபிடியையும் டெமாசெபம் என்ற தூக்க மாத்திரையையும் ஒப்பிட்டு 1999ல் வந்த ஆய்வில், தொடக்கத்தில் இரண்டுமே உதவின. காலம் போகப் போக முன்னேற்றத்தைத் தக்கவைத்தவர்கள் சிபிடி எடுத்தவர்களே.

இதில் பயிற்சி பெற்றவர்கள் குறைவு என்பதுதான் பெரிய குறை. அதற்கு மாற்றாகச் செயலி வழியாகவும் இது தரப்படுகிறது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022ல் ஸ்லீப்பியோ என்ற செயலியைத் தூக்க மாத்திரைக்கு மாற்றாகப் பரிந்துரைத்தது.

மாத்திரைகள்

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். துக்கமோ அறுவை சிகிச்சையோ வந்த சில வாரங்களுக்கு, மருத்துவர் தரும் குறுகிய கால மாத்திரை பெரிய உதவி. சிபிடி-ஐ பலிக்காதவர்களுக்கும் மருந்து தேவைப்படலாம். எந்த மருந்து எந்த இடத்தைத் தொடுகிறது என்று தெரிந்து எடுப்பது முக்கியம்.

அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற பென்சோடயசெபைன்கள் மூளையின் பொதுவான அடக்கும் அமைப்பைத் தூண்டிப் பதற்றத்தைக் குறைக்கின்றன. சில வாரங்களில் உடம்பு பழகிவிடும்; நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். ‘மாத்திரை இல்லாமல் என்னால் தூங்கவே முடியாது’ என்று பலர் முடிவுக்கு வருவது இந்த நிறுத்தல் எதிர்வினையைப் பார்த்துத்தான். பல மாதம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவரோடு சேர்ந்து அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சோல்பிடெம் போன்றவை படுத்ததும் தூக்கம் வர உதவும். 2013ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பெண்களுக்கு இதன் வழக்கமான தொடக்க அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கச் சொன்னது. பெண்களின் உடலில் மருந்து காலைவரை தங்கி, வண்டி ஓட்டும் திறனைக் கெடுப்பது தெரிந்ததே காரணம். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகளுக்காக 2019ல் கடுமையான எச்சரிக்கையும் சேர்த்தது. மதுவோடு இந்த மாத்திரைகள் எதையும் சேர்க்கவே கூடாது. மதுவையே தூக்க மருந்தாக எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தூக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும், இரவின் பின்பாதியை உடைத்துவிடும்.

புதிய வகை மருந்துகள் வேறு வழியில் போகின்றன. விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சின் என்ற பொருளை 1998ல் கண்டுபிடித்தார்கள். அதைத் தடுக்கும் முதல் மாத்திரையான சுவோரெக்சன்ட் 2014ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. லெம்போரெக்சன்ட், டாரிடோரெக்சன்ட் பின்னர் வந்தன. இவை தூக்கத்தைத் திணிப்பதைவிட விழிப்பைத் தளர்த்துகின்றன. எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. நடுராத்திரி விழிப்புக்கு 3 முதல் 6 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் டாக்செபினும் தரப்படுகிறது.

அலர்ஜிக்கான டைஃபென்ஹைட்ரமைன் மாத்திரையைத் தூக்கத்துக்காகத் தாமே வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கவலை அதிகம். சில நாட்களிலேயே அதன் தூக்கம் தரும் வேலை மங்கிவிடும். முதியவர்களுக்கு மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு, கீழே விழுதல் ஆகியவை மிஞ்சும். வயதானவர்கள் இதையும் பென்சோடயசெபைன்களையும் சோல்பிடெம் வகையையும் தவிர்க்க வேண்டும் என்றே முதியோர் மருத்துவர்களின் பட்டியல் சொல்கிறது.

மெலடோனினும் மூலிகைகளும்

மெலடோனினை வலுவில்லாத தூக்க மாத்திரை என்று நினைப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். இருட்டியதும் பினியல் சுரப்பி சுரக்கும் இது, ராத்திரி வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் அறிவிப்பு. அதனால் கடிகாரம் பிசகியவர்களுக்கு, அதாவது தூரதேசப் பயணம் செய்தவர்களுக்கும், ராத்திரி 3 மணிக்கு மேல்தான் தூக்கம் வந்து மதியம் வரை நன்றாகத் தூங்குகிறவர்களுக்கும் இது பொருத்தம். அவர்களுக்கும் அளவைவிட எடுக்கும் நேரமே முக்கியம். சாதாரணத் தூக்கமின்மையில் இது சராசரியாக 7 நிமிஷம்தான் தூக்கத்தை முன்னே கொண்டுவருகிறது என்று 2013ல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017ல் மெலடோனினையும் வலேரியன் வேரையும் நாள்பட்ட தூக்கமின்மைக்குப் பரிந்துரைக்கவில்லை. துணைச்சத்தாக விற்கப்படும் இடங்களில் தரமும் ஒரு பிரச்சினை: அமெரிக்காவில் விற்ற 25 வகை மெலடோனின் மிட்டாய்களைச் சோதித்து 2023ல் வந்த ஆய்வில், ஒன்றில் மெலடோனினே இல்லை; மற்றவற்றில் லேபிளில் சொன்ன அளவில் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம்வரை இருந்தது.

மக்னீசியத்துக்கு ஆதாரம் பலவீனம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. அமுக்கரா (அஸ்வகந்தா) பற்றிச் சில சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. ஆனால் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகளும் தைராய்டு நோயாளிகளும் தவிர்க்க வேண்டும். இயற்கையானது என்பதால் பாதுகாப்பானது என்றாகிவிடாது.

வீட்டு வைத்தியங்களில் ஆதாரம் உள்ளவை சில உண்டு. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால், ரத்தம் கை கால் தோலுக்கு வந்து உள்சூடு இறங்கும். தூக்கம் கொஞ்சம் சீக்கிரம் வரும். படுக்குமுன் ஐந்து நிமிஷம் நாளைய வேலைகளை எழுதி வைத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட 9 நிமிஷம் போல முன்னதாகத் தூங்கினார்கள் என்று 2018ல் ஓர் ஆய்வு காட்டியது. அறையை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் வைப்பது, பகலில் உடற்பயிற்சி, காலை வெளிச்சம் எல்லாம் நல்லவையே. ஆனால் நாள்பட்ட தூக்கமின்மையை இவை மட்டும் தீர்ப்பதில்லை. அதனால், எல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லையே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். கைக்கடிகாரத்தில் தூக்க மதிப்பெண் பார்ப்பவர்கள், அந்த எண்ணே புதிய கவலையாகிவிட்டால், சில வாரம் கழற்றி வையுங்கள். தூக்கத்தின் கட்டங்களை அவை துல்லியமாக அளப்பதுமில்லை.

தூக்கம் திரும்பிய பிறகும் மோசமான இரவுகள் வரும். அப்படி ஓர் இரவு போனால் மறுநாள் வழக்கமான நேரத்தில் எழுந்து, பகல் தூக்கத்தைத் தவிர்த்து, வழக்கமான நேரத்துக்கு முன் படுக்காமல் இருங்கள். அதுவே ஒரு வாரம் இரண்டு வாரம் என்று நீண்டால், பழைய குறிப்பேட்டை எடுத்து மறுபடி எழுதத் தொடங்கலாம்; படுக்கை நேரத்தைத் திரும்பவும் கொஞ்ச நாள் சுருக்கிப் பார்க்கலாம். முன்பு ஒருமுறை கற்றுக்கொண்டது என்பதால் இந்த முறை முதல் நாளிலிருந்தே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருக்கும். ஒரு மாதம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் அந்தக் குறிப்பேட்டையும், சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், துணைச்சத்துகளையும் மூலிகைகளையும் விடாமல் எழுதி, மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.